மூணு கிலோ இடிக்குது

கோலாலம்பூர் போய் வந்ததைப் பற்றி எழுது, எழுது என்று எங்கள் வீட்டுக்காரர் ரெண்டு மாசமாக நச்சரித்தார். அங்கே நான் பார்த்தது ஒரு விமான நிலையம், ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற இடம், மறுபடியும் அதே விமான நிலையம். இதை எழுத ஒரு தபால் கார்டு போதும். ஆனால் அந்தப் பயணம் விட்டுவைத்த வம்பைத் தீர்க்க சேலத்திலிருந்து மலைக்கு ஏறி மூன்று நாள் பட்டேன் பாருங்கள், அதை எழுதத்தான் வேண்டும். தைரியமாகவே எழுதுகிறேன். எங்கள் அண்ணன் கணக்கு நோட்டைத் தவிர வேறு எதையும் படிக்கிறவர் இல்லை.

நாங்கள் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். மூத்தவர் அந்தோணி அண்ணன், எஸ்டேட் ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆகி மாரமங்கலத்தில் இருக்கிறார். அடுத்து நான், மரியா, கல்யாணமாகி சேலத்து வெயிலுக்கு இறங்கியவள். மூன்றாவது ஸ்டெல்லா, தலைச்சோலையில் காப்பித் தோட்ட வேலை. கடைக்குட்டி ரோசி மலேசியாவில். ரோசியின் மகளுக்குக் கல்யாணம் என்று அண்ணன், ஜெயா அண்ணி, நான் மூன்று பேரும் கிளம்பினோம். ஸ்டெல்லாவுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை. இருந்திருந்தாலும் வந்திருப்பாளா தெரியாது. அவளும் ரோசியும் பேசி ஏழு வருசம். எதற்குச் சண்டை என்பது ரெண்டு பேருக்குமே மறந்துவிட்டது, கோபம் மட்டும் பத்திரமாக ஞாபகம் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஸ்டெல்லா கிளம்புவதற்கு முந்தின நாள் சேலத்துக்கு இறங்கி வந்தாள். மூணு கிலோ காப்பிப்பொடியை என் கையில் வைத்து, "இத ரோசிகிட்ட குடுத்துரு அக்கா. யாரு குடுத்தான்னு கேட்டா மட்டும் சொல்லு" என்றாள். ஏழு வருசத்துக்கு அப்புறம் அவள் வளைந்தது அவ்வளவுதான். அதுவே அவளுக்குப் பெரிய வளைவு.

விமானத்தில் ஏதோ கோளாறு என்று ஒன்றரை நாள் உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொண்ணும் மாப்பிள்ளையும் தேனிலவுக்கே கிளம்பிவிட்டார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து நாங்கள் போட்ட ஒரே பெரிய பெட்டி வரவே இல்லை. தொலைந்த பெட்டிகளுக்கான மேசையில் இருந்த மலாய்க்காரர் பெட்டியில் என்ன இருந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணி, "பட்டு" என்றாள். அண்ணன், "இடிகல்லு" என்று சொல்லி இடித்தும் காட்டினார். மனுசன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, கல்லையா விமானத்தில் அனுப்பினீர்கள்?" என்றார். "பொண்ணு மொளகு இடிக்க வேணாமா?" என்று அண்ணன் தமிழிலேயே திருப்பிக் கேட்டார்.

பெட்டி என் பேரில் போட்டிருந்ததால், தொலைந்ததற்கான முப்பதாயிரம் ரூபாய் என் கணக்கில் வந்து விழுந்தது. விழுந்த நாளிலிருந்து அண்ணன் வாரம் ரெண்டு தடவை போன். "பங்கு பிரிக்கலாம், மேல வா கண்ணு." ஆடி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தட்டுவடை ஒரு பொட்டலம், மாற்றுச் சேலை ரெண்டு, என் சொந்தக் காப்பிப்பொடி ஒரு சின்ன டப்பா, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள், எத்தனையாவதில் வாந்தி எடுத்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள வசதியாக. எனக்குப் பதினொன்றாவது. விமானத்தில் இதற்கென்று காகிதப் பை தருகிறார்கள். நம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் எலுமிச்சம்பழம் தந்து, "மோந்துக்கங்க, கண்ண மூடுங்க, கடவுள நெனைங்க" என்று மூன்று மருந்து சொன்னார். விமானத்தைவிட நல்ல கவனிப்புத்தான்.

முன் சீட்டில் பெங்களூர்க்காரப் புருசன் பெண்டாட்டி. "காப்பி விளைகிற மலைக்கே வந்திருக்கிறோம், இங்கே நல்ல காப்பி குடிக்காமல் இறங்கக் கூடாது" என்று அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னது காதில் விழுந்தது. புருசன் கண்டக்டரிடம் தத்தித் தத்தித் தமிழில் கேட்டார். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே, "நல்ல காப்பிங்களா? பெங்களூர்லதாங்க கெடைக்கும். இங்க வெளையறது பூராம் அங்கதான் போவுது" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த டப்பாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்திக்கொண்டேன்.

அந்த டப்பாவின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு மேலே ஏற முடியவில்லை. அன்றைக்கு விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டபோது முப்பத்திமூணு கிலோ காட்டியது. முப்பதுதான் அனுமதி. அண்ணனும் அண்ணியும் பாத்ரூம் தேடிப் போயிருந்தார்கள். கவுன்டர் பெண், "மூன்று கிலோ எடுங்கள் அம்மா, பின்னால் வரிசை நிற்கிறது" என்றாள். பெட்டியைத் திறந்தால் கைக்கு முதலில் அகப்பட்டது என் முறுக்கு. மூன்று நாள் அடுப்படியில் வெந்து சுட்டது, ரோசியின் சம்பந்திகள் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்று. அடுத்து அகப்பட்டது ஸ்டெல்லாவின் காப்பிப்பொடி, சரியாக மூணு கிலோ. நான் எதை எடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? வழியனுப்ப வந்த என் மகனிடம் கொடுத்து, "ஊட்ல வெய்யி, வந்து பாத்துக்கலாம்" என்றேன்.

வந்து பார்த்தபோது பெட்டியே போய்விட்டது. பெட்டியோடு காப்பியும் போனதாக ஸ்டெல்லா நினைத்துக்கொண்டாள். நானும் நினைக்க விட்டுவிட்டேன். பொடியைத் தூரவா போட முடியும்? அதன் பிறகு ரெண்டு மாசமாக எங்கள் வீட்டில் காலையும் சாயங்காலமும் தெருவே மணக்கிறது. பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் எந்தக் கடை என்று கேட்டபோது புதுக்கடை என்றேன்.

அப்படியும் மலைக்கு ஏன் கொண்டு போனேன் என்றால், அண்ணி போடும் காப்பி அப்படி. வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி, ஆனால் விளைகிற நல்ல கொட்டையெல்லாம் விலைக்குப் போய்விடும், அண்ணி டவுனில் வாங்குவது பாதிக்குப் பாதி சிக்கரி கலந்த பொடி. அதைக் குடிப்பதற்கு மண்ணெண்ணெய் மேல்.

மாரமங்கலத்தில் இறங்கியபோது மூடுபனி வாசலில் படுத்துக் கிடந்தது. அண்ணி பச்சை மிளகு அரைத்து ஊற்றிய கோழிக்குழம்பும் களியும் போட்டாள். விமான நிலையத்தில் ஒன்றரை நாள் பிளாஸ்டிக் டப்பா நூடுல்ஸ் தின்ற நாக்குக்கு இதுதான் நஷ்டஈடு என்று தோன்றியது. ரெண்டாவது உருண்டையை உள்ளே தள்ளும்போது அண்ணன் ஆரம்பித்தார்.

"கம்பெனிக்காரன் பணம் எத வெச்சுக் குடுத்தான்? பொட்டி எடைய வெச்சு. முப்பது கிலோ, முப்பதாயிரம். ஆக கிலோவுக்கு ஆயிரம். அவங்கவங்க வெச்ச எடைக்கு அவங்கவங்க பங்கு. இதுல பேச்சே இல்ல."

ஆயுசு முழுக்கக் காப்பிப் பழத்தைக் கூடை எடை கழித்து நிறுத்துக் கூலி எழுதியவர். அவருக்கு உலகத்தில் எல்லாமே கிலோதான்.

"ஏனுங்க, என்ற பட்டுச்சேல முக்கா கிலோ" என்றாள் அண்ணி. "பன்னெண்டாயிரத்துக்கு எடுத்தது. அதுக்கு எழுநூத்தம்பது ரூவா. உங்க கல்லு ஏழு கிலோ. அறநூறு ரூவாக் கல்லுக்கு ஏழாயிரமா?"

"கனம் இருக்குதில்ல?"

"உங்க தலைலதான் இருக்குது கனம்."

நான் களியைப் பார்த்தபடி, தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடலாமே என்றேன். எடை போட்டால் என் குட்டு உடையுமோ என்கிற பயம் எனக்கு. ரெண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னை முறைத்தார்கள். அந்த வீட்டில் அன்றைக்குப் புருசனும் பெண்டாட்டியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மறுநாள் காலையில் அண்ணன் எஸ்டேட்டிலிருந்து எடை மெஷினையே கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு இடிகல்லை இரவல் வாங்கி ஏற்றினார், ஏழு கிலோ. ரெண்டு கிலோ மிளகு. ஆக அவருக்கு ஒம்பது. அண்ணியின் இன்னொரு பட்டு, அதே அளவு பித்தளைக் குடம், நாலு. காலிப் பெட்டி அண்ணியுடையது, அதே மாதிரி பெட்டி ஒன்று பரண் மேல் இருந்தது, அஞ்சு. என் பலகாரத்தை எடை போட வழியில்லாததால் நான் சொன்னதை எழுதிக்கொண்டார், பன்னெண்டு. போகிற வருகிறவர்கள் எல்லாம் வேலியோரம் நின்று, "ஏனுங்க ரைட்டரே, ஊட்டை வித்துட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பதினோரு மணிக்கு ஸ்டெல்லா வந்தாள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். உட்காரக்கூட இல்லை.

"எனக்குப் பங்கெல்லாம் வேணாங்கண்ணா. பிரிச்சுக்கங்க. கூப்ட்டீங்கன்னு வந்தேன்."

"கணக்குன்னா கணக்கு. உன்றது எவ்வளவு?"

"மூணு கிலோ. பொடி."

அண்ணன் எழுதினார், கூட்டினார், மறுபடியும் கூட்டினார். சட்டைப்பையிலிருந்து விமானக் கம்பெனியின் சீட்டை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஒம்பது, நாலு, அஞ்சு, பன்னெண்டு, மூணு. முப்பத்திமூணு வருது. சீட்ல முப்பது. மூணு கிலோ இடிக்குது."

நான் அவசரமாகத் தட்டுவடைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன்.

"யாரோ கூட்டிச் சொல்றீங்க" என்றார். கண் ஸ்டெல்லா மேல் போய் நின்றது. "நெசமாவே மூணு கிலோதானா சாமி?"

"மூணு கிலோ பீபெரிக்கு இவ எங்க போவா?" என்றாள் அண்ணி. "அரைக் கிலோ இருக்கும். மரியா, நீங்கதான பொட்டிய கட்டுனீங்க? சொல்லுங்க."

இந்த பீபெரியைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பிப் பழத்துக்குள் ரெண்டு கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் ஒரு பக்கம் தட்டை. அத்தி பூத்தாற்போல ஒரு பழத்தில் ஒற்றைக் கொட்டை உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. மூட்டை மூட்டையாகக் கொட்டி ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டும். ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் செடி இருக்கிறது. அதில் பொறுக்கியதைத்தான் கொடுத்திருந்தாள்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. "பாக்கு மாதிரி இருக்குது... அன்னிக்கு அவசரத்துல..." என்று என்னவோ முனகினேன். பாக்கு எங்கேயிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என்றாள் ஸ்டெல்லா. குரல் உடைந்துவிட்டது. "காசு வேணாம்னுதான சொன்னேன். அவ கல்யாணத்துக்கு நான் ஒண்ணுமே அனுப்பலன்னு ஆக்கிப்புடாதீங்கண்ணா. அது போதும் எனக்கு."

சண்டை முற்றினால் காப்பி போடுவது அண்ணியின் வழக்கம். உள்ளே போய் நாலு டம்ளரோடு வந்தாள். வாசனை கதவைத் தாண்டும் முன்பே எனக்கு உயிர் போய்விட்டது. தன் பொடியை மிச்சம் பிடிக்கலாம் என்று மகராசி என் டப்பாவில் கை வைத்திருக்கிறாள்!

ஸ்டெல்லா விறகடுப்பில் வறுத்து, இறக்கும்போது அரை ஸ்பூன் நெய் விடுவாள். அந்த மலையில் வேறு யாரும் அப்படி வறுப்பதில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். மோந்தாள். ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுல்ல?" என்றாள் அண்ணி. "மரியா கொண்டாந்த பொடி."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. நிதானமாக அடி வரைக்கும் குடித்து முடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். அதற்குள் நான் அறிந்த ஜெபமெல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

"அண்ணா, நான் பொய்தான் சொன்னேன்" என்றாள்.

"பாத்தியா!" என்றார் அண்ணன்.

"மூணு கிலோ இல்லீங்க. ஆறு கிலோ. ஒண்ணும் இல்லாதவ இவ்வளவு அனுப்புனாளான்னு திட்டுவீங்கன்னு கொறச்சு சொன்னேன். வேணும்னா அக்காவக் கேளுங்க. அதுதான பொட்டிய கட்டுச்சு? ஏங்க்கா, ஆறு கிலோதான?"

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். சின்ன வயசில் என் புளிப்பு மிட்டாயைப் பிடுங்குவதற்கு முன்னால் பார்ப்பாளே, அதே பார்வை.

"ஆமாங்கண்ணா" என்றேன். "ஆறு கிலோதான். இப்பத்தான் ஞாபகம் வருது."

"அப்ப இன்னும் இடிக்குதே! முப்பத்தாறு ஆகுதே!"

"அக்கா பலகாரம் பன்னெண்டு இருக்காதுங்கண்ணா" என்றாள் ஸ்டெல்லா. "முறுக்கு என்ன கனமா கனக்கும்? காத்துதான? ஆறு இருக்கும். ஏங்க்கா?"

"ஆறுதான்" என்றேன். என் சொந்த வாயால்.

அண்ணன் பரபரவென்று கூட்டினார். ஒம்பது, நாலு, அஞ்சு, ஆறு, ஆறு. முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது! டேலி ஆயிருச்சு!" என்று கத்தினார். ஒரு கிராம்கூடப் பிசகாத அந்தக் கணக்கில் உண்மை ஒரு கிராம்கூட இல்லை என்பது எனக்கும் ஸ்டெல்லாவுக்கும்தான் தெரியும். அண்ணி மட்டும் சேலைக்காக இன்னும் அரை மணி நேரம் முணுமுணுத்தாள். நான் ஸ்டெல்லா கணக்குக்கு ஆறாயிரத்தைப் போனிலேயே அனுப்பினேன்.

"அக்காவ எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கண்ணா" என்றாள் ஸ்டெல்லா. அழைப்பு இல்லை அது, கைது.

கொஞ்ச தூரம் பஸ், மிச்சம் நடை. கரடியூருக்கு வியூபாயின்ட் பார்க்கப் போகிற கார்கள் எங்கள் மேல் சேறு வாரி அடித்துவிட்டுப் போயின. அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"முறுக்குக்காகவா எறக்கி வெச்ச?" என்றாள் கடைசியில்.

"ஆமாம் ஸ்டெல்லா."

"பொடி எப்படி இருந்துச்சு?"

"நொம்ப நல்லா இருந்துச்சு."

சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில் நின்று, "பொட்டி தொலைஞ்சு போச்சுன்னதும் கடவுளே வேணாங்கறாருபோலன்னு நெனச்சேன்க்கா. ரெண்டு மாசமா இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் பேசறதுன்னு இருந்தேன். கடவுளும் இல்ல, கழுதையும் இல்ல, உன்ற முறுக்கு!" என்றாள். நானும் சேர்ந்து அழுதேன். ஒரு கார்க்காரர் வண்டியை நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாததுமாக என் மடியில் ஒரு முறத்தை வைத்தாள். விலை ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருந்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். "பொறுக்கு."

பொறுக்கினேன். முதல் ஒரு மணி நேரம் உருண்டை எது, தட்டை எது என்றே தெரியவில்லை. மதியத்துக்குள் கண்ணில் தண்ணீர், கழுத்தில் பிடிப்பு. பழைய சோறும் மோர்மிளகாயும் போட்டாள், மறுபடியும் முறம். விமான நிலையத்தில் ஒன்றரை நாள் காத்திருந்தபோது ஊரையே கூட்டி நியாயம் கேட்டவள் நான். இங்கே யாரிடம் போய்க் கேட்பது? பொழுது சாயும்போது நான் பொறுக்கியதை நிறுத்தாள். முக்கால் கிலோ. அதைத் திரும்ப ஆராய்ந்து கால் கிலோவைக் கழித்தாள்.

"மூணு கிலோ பொடிக்கு எத்தன நாளு பொறுக்கின?" என்றேன்.

"எண்ணுனா அனுப்ப மனசு வருமா?" என்றாள்.

தனக்கென்று சேர்த்துவைத்திருந்ததை என் அரைக் கிலோவோடு கலந்தாள். வறுத்தாள், நெய் விட்டாள், எஸ்டேட் கடை மெஷினில் அரைத்து வாங்கி வந்தாள். காலையில் பஸ் வரும்போது பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "சேலத்துல கூரியர் போடு. உன்ற காசுல."

"ஊட்ல மிச்சப் பொடி இருக்குதே, அத..."

"அத நீயே குடி. குடிக்கறப்பல்லாம் என்னைய நெனச்சுக்க" என்றாள்.

இறங்கும்போது ஒரு வளைவிலும் வாந்தி வரவில்லை. பொட்டலத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டதோ என்னவோ. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கூரியர் ஆபீஸ் போனேன். மலேசியா என்றதும் அங்கிருந்தவர் ஃபாரத்தை எடுத்தார்.

"அனுப்பறவங்க பேருங்க?"

"ஸ்டெல்லா. தலைச்சோலை."

"போன் நம்பர் உங்களுதுங்களா?"

"அவ நம்பரே போடுங்க. போய்ச் சேந்ததும் ரோசி கூப்ட்டா அவளுக்குத்தான் வரணும்."

பொட்டலத்தை எடை மெஷினில் வைத்தார். சிவப்பு எழுத்து மினுக்கி மினுக்கி நின்றது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "மூணு கிலோவத் தாண்டி நூத்தம்பது கிராம் நிக்குதுங்க. அடுத்த ரேட்டுக்குப் போயிரும், வீணா அறநூறு ரூவா. கொஞ்சம் பிரிச்சு எடுத்தரலாங்களா?"

"கைய எடுங்க அதுமேல!"

நான் போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். நான் பர்ஸைத் திறந்து அறநூறு ரூபாயை எண்ணி மேசை மேல் வைத்தேன்.